ஜவ்வு விலகலா? பயப்படவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்!

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், இடுப்பு வலி பற்றி ஒரு இயன்முறை மருத்துவர் பேசியதை இங்கே தருகிறோம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்கு, குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசித்துக் காட்டவும்.)



சேமிப்பு, கடன் வசூல், தீர்மானம் எல்லாம் முடிஞ்சு இப்ப மணி பன்னிரண்டு ஆகப்போகுது. ரெண்டு மணி நேரமா தரையில உட்கார்ந்திருக்கீங்க. அதனால பேச்சை அப்புறம் வெச்சுக்குவோம், முதல்ல எல்லாரும் ஒரு தடவை எழுந்து நில்லுங்க. ரெண்டு கையையும் இடுப்புல ஊனி, லேசா பின்னாடி சாயுங்க. மறுபடியும் ஒரு தடவை. சரி, உட்காருங்க. எழும்போது எத்தனை பேர் "அம்மாடி"ன்னு சொன்னீங்கன்னு எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். பாதிப் பேருக்கு மேல!

நான் இயன்முறை மருத்துவர். பிசியோதெரபின்னு சொல்றோமே, அந்த வேலை. எங்க அம்மாவும் பெரியம்மாவும் உங்களை மாதிரியே குழுவுல இருந்தவங்கதான். நான் கல்லூரியில சேர்ந்தப்போ முதல் வருஷக் கட்டணம் கட்டினது குழுக் கடன்ல. அதனால இது எனக்குப் பழக்கப்பட்ட கூட்டம்.

தலைவி அக்கா என்னை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு முதல்ல சொல்லிடறேன். போன மாசம் ஒரு குழுவுல ஒரு சகோதரி முதுகு ஆபரேஷனுக்குன்னு அம்பதாயிரம் ரூபாய் கடன் கேட்டிருக்காங்க. ஸ்கேன்ல "ஜவ்வு விலகியிருக்கு"ன்னு எழுதியிருக்காம். உடனே வெட்டி எடுக்கலைன்னா கால் விழுந்துடும்னு யாரோ சொல்லிட்டாங்க. அந்தச் சகோதரி நடந்துதான் கூட்டத்துக்கு வந்தாங்க, நடந்துதான் போனாங்க. இதே கூட்டமைப்புல இன்னொரு அம்மா, கால் மரத்துப்போயும் யார்கிட்டயும் சொல்லாம ஒரு மாசமா மாத்திரை போட்டுக்கிட்டே களையெடுக்கப் போயிருக்காங்க. ஒருத்தருக்குத் தேவையில்லாத பயம். இன்னொருத்தருக்கு இருக்க வேண்டிய பயம் இல்லை. இந்த ரெண்டையும் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

ஜவ்வுன்னா என்ன? நம்ம முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லை. கழுத்துல 7, நடுமுதுகுல 12, இடுப்புல 5, ஆக 24 எலும்புகள் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கு. அதுக்கும் கீழே இருக்கிறது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போன எலும்பு. அடுக்கின எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு. அதைத்தான் டிஸ்க்னு டாக்டர் சொல்றார், நாம ஜவ்வுங்கறோம். மொத்தம் 23. (கழுத்துல மேலே இருக்கிற முதல் ரெண்டு எலும்புக்கு நடுவுல மட்டும் கிடையாது.) ஜவ்வுக்கு வெளிப்பக்கம் சைக்கிள் டயர் மாதிரி கெட்டியான நார் வளையம். உள்ளே இளநுங்கு மாதிரி கொழகொழன்னு ஒரு பொருள். நாம குனிஞ்சாலும் நிமிர்ந்தாலும் அந்த நுங்குதான் பாரத்தைத் தாங்குது.

வயசு ஏற ஏற இந்த நுங்குல நீர்ச்சத்து குறையும், வெளி வளையத்துல சின்னச் சின்ன வெடிப்பு விழும். இது எல்லாருக்கும் நடக்கிறது, தலை நரைக்கிற மாதிரி. சில பேருக்கு அந்த வெடிப்பு வழியா உள்ளே இருக்கிறது பின்பக்கமா பிதுங்கி வெளியே வரும். அங்கேதான் காலுக்குப் போற நரம்பு இருக்கு. நரம்பை அது அழுத்தும், அழுத்துற இடத்துல அழற்சியும் வரும். அதுதான் நோவு. ஆக, ஜவ்வு "விலகிடுச்சு"ன்னு நாம சொன்னாலும், அது தட்டுல இருந்து இட்லி நழுவுற மாதிரி நழுவுறது இல்லை. பிதுங்கறதுன்னு சொன்னாத்தான் சரி. யாராவது "தட்டி உள்ளே தள்ளிடறேன்"னு சொன்னா நம்பாதீங்க. கையால தட்டி உள்ளே போகிற சங்கதி இல்லை இது.

இடுப்புல பெரும்பாலும் கடைசி ரெண்டு ஜவ்வுதான் பிதுங்கும். ஸ்கேன்ல எல்4 எல்5, எல்5 எஸ்1னு எழுதியிருப்பாங்களே, அது இந்த ரெண்டு இடம்தான். பெரும்பாலும் 30 வயசுல இருந்து 50 வயசுக்குள்ள வரும். குடும்பத்தையே தூக்கிச் சுமக்கிற வயசு.

எல்லா இடுப்பு வலியும் ஜவ்வு வலி இல்லைங்கறதையும் சேர்த்துச் சொல்லணும். முக்கால்வாசி இடுப்பு வலி தசைப்பிடிப்பு, சுளுக்கு மாதிரியானதுதான். தானா வரும், தானா போகும். ஜவ்வு நரம்பை அழுத்தினா இடுப்பு வலியை விடக் கால் வலிதான் பெரிசா இருக்கும். பிட்டத்துல ஆரம்பிச்சு, தொடைக்குப் பின்னாடி இறங்கி, முழங்காலுக்குக் கீழே பாதம் வரைக்கும் சுண்டி இழுக்கும். பெரும்பாலும் ஒரு கால்ல மட்டும். தும்மினா, இருமினா, வெளிக்கிருக்க முக்கினா கரண்ட் அடிச்ச மாதிரி கால்ல பாயும். பாதத்துல ஒரு பக்கம் மரத்துப்போகலாம். கால் பெருவிரலை மேலே தூக்க முடியாம போகலாம். சில பேர் "நடக்கும்போது செருப்பு கழண்டு விழுறதே எனக்குத் தெரியலை"ம்பாங்க. (சர்க்கரை வியாதி இருக்கிறவங்களுக்கும் இப்படி ஆகும். அது ரெண்டு கால்லயும் பாதத்துல தொடங்கும், இடுப்புல இருந்து இறங்காது.)

இப்ப ஸ்கேனுக்கு வருவோம். 1994-ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. முதுகு வலியே இல்லாத 98 பேரைக் கூப்பிட்டு ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க. அதுல பாதிக்கு மேல, 100க்கு 52 பேருக்கு, ஏதாவது ஒரு ஜவ்வாவது புடைச்சிருந்தது. வலி கிடையாது, வேலை செஞ்சுக்கிட்டு நல்லா இருக்காங்க, ஆனா ஸ்கேன்ல புடைப்பு! இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாரையும் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தா, பாதிப் பேர் ரிப்போர்ட்ல "டிஸ்க் பல்ஜ்"னு எழுதி வரும். அதனால ஸ்கேன்ல இருக்கிறதும், உங்க உடம்புல இருக்கிற நோவும், டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்துச் சொல்றதும் மூணும் ஒத்துப்போகணும். ஸ்கேன் காகிதத்தை மட்டும் வெச்சுக்கிட்டு கடன் மனு எழுதக் கூடாது.

அதை விட நல்ல சேதி ஒண்ணு இருக்கு. பிதுங்கி வெளியே வந்த அந்த நுங்கை நம்ம உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுடும். பெருசா பிதுங்கினதுதான் நல்லா கரையுது! பெரும்பாலானவங்களுக்கு ஆறு வாரத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள கால் வலி நல்லா குறைஞ்சுடும், ஆபரேஷன் இல்லாமலே. இந்த ஆறு வாரம் எப்படிப் போகும்ங்கறதுதான் நம்ம பிரச்சினை, ஏன்னா வலி சாதாரணமா இருக்காது. பிரசவ வலியே பரவாயில்லைன்னு சொன்னவங்களை நான் பார்த்திருக்கேன்.

அப்ப ஆபரேஷனே வேண்டாமா? அப்படிச் சொல்லலை. நெதர்லாந்து நாட்டுல 283 பேரை வெச்சு ஒரு ஆராய்ச்சி நடந்து 2007-ல வெளிவந்தது. ஒன்றரை மாசத்துல இருந்து மூணு மாசமா கடுமையான கால் வலியில இருந்தவங்க அவங்க. பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மீதிப் பேரைப் பொறுத்துப் பார்க்கச் சொன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு பக்கமும் 100க்கு 95 பேர் குணமாயிட்டாங்க. ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு வலி சீக்கிரம் போச்சு, அது உண்மை. பொறுத்துப் பார்த்தவங்கள்ல 100க்கு 39 பேர் கடைசியில ஆபரேஷன் பண்ணிக்க வேண்டி வந்தது, அதுவும் உண்மை. மீதிப் பேருக்குத் தேவையே படலை. வலி தாங்க முடியலை, வாரக்கணக்கா மாறலை, கால் பலம் குறைஞ்சுக்கிட்டே போகுதுன்னா ஆபரேஷன் நல்ல வைத்தியம்தான். ஆனா கடன் வாங்கறதுக்கு முன்னாடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அதுல செய்ய முடியுமான்னு கேளுங்க. வட்டிக்கு வாங்கறது அதுக்கெல்லாம் பிறகு.

வலி வந்ததும் நம்ம ஊர்ல சொல்ற முதல் வைத்தியம், "படுத்தே இரு, அசையாதே." இது பழைய காலத்து டாக்டர்களும் சொன்னதுதான். இப்ப அப்படிச் சொல்றதில்லை. வலி உச்சத்துல இருக்கிற ஒண்ணு ரெண்டு நாள் படுங்க, தப்பில்லை. அதுக்கு மேல படுத்தே கிடந்தா தசை பலம் போயிடும், குணமாகறதும் வேகமாகறதில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பத்து நடை நடங்க. மல்லாந்து படுத்தா முழங்காலுக்கு அடியில ஒரு தலையணை, ஒருக்களிச்சுப் படுத்தா ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல ஒரு தலையணை. பாயில இருந்து எழும்போது நேரா எழாதீங்க. ஒரு பக்கமா புரண்டு, கையை ஊனி எழுங்க. உங்க நோவு எந்தப் பக்கம் போகுதுன்னும் கவனிங்க. பாதத்துல இருந்த வலி மேலே ஏறி இடுப்போட நின்னா, இடுப்பு வலி கூடின மாதிரி தெரிஞ்சாலும், அது நல்ல அறிகுறி. இடுப்புல இருந்தது காலுக்கு இறங்க ஆரம்பிச்சா, நீங்க செய்ற வேலையோ பயிற்சியோ ஒத்துக்கலைன்னு அர்த்தம். நிறுத்திட்டு வந்து காட்டுங்க.

மெடிக்கல்ல தர்ற செட்டு மாத்திரையைப் பத்தி ஒரு வார்த்தை. பேரில்லாத பொட்டலத்துல நாலஞ்சு கலர் மாத்திரை. சாப்பிட்டா ஒரே நாள்ல வலி பறந்துடும். பல சமயம் அதுல ஸ்டீராய்டு இருக்கும். மாசக்கணக்கா சாப்பிட்டா சர்க்கரை ஏறும், வயிறு புண்ணாகும், எலும்பு பலம் போகும். அதோட இருக்கிற வலி மாத்திரை கிட்னியையும் கெடுக்கும். மாத்திரை வேணும்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல சீட்டு எழுதி வாங்குங்க.

இனிமே சொல்லப்போறதுதான் முக்கியம். இதுக்காகத்தான் நான் வந்தேன். பக்கத்துல பேசிக்கிட்டிருக்கிறவங்க கொஞ்சம் கவனிங்க.

எங்க பெரியம்மா கதை. அவங்ககிட்ட கேட்டுத்தான் சொல்றேன். "சொல்லு, பேரை மட்டும் சொல்லாதே"ன்னாங்க.

நான் அப்ப பத்தாவது படிக்கிறேன். நடவு நேரம். பெரியம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு மாசமா ஒரு கால்ல வலி. அன்னைக்கு நாற்றுக்கட்டைத் தூக்கி வரப்பு மேல வைக்கும்போது இடுப்புல சுரீர்னு இருக்கு. சாயந்திரம் ரெண்டு கால்லயும் வலி. மறுநாள் காலையில உட்கார்ந்தா, பஞ்சு மேல உட்கார்ந்த மாதிரி அடியில உணர்ச்சியே இல்லை. சைக்கிள் சீட்டுல உட்கார்ந்தா எந்த இடம் படுமோ, அந்த இடம் பூரா மரத்துப்போச்சு. மூத்திரம் போகலாம்னா வரலை. முட்டிக்கிட்டு இருக்கிற உணர்வும் இல்லை. "தண்ணி குடிக்கலை, அதான்"னு நினைச்சுக்கிட்டாங்க. அண்ணன் வண்டியில உட்கார வெச்சு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே எங்கே வலின்னு கேட்டாங்க. இடுப்பும் காலும்னு சொன்னாங்க. ஒரு ஊசி போட்டு, மூணு நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. மூத்திரம் போகுதான்னு அவங்க கேட்கலை. பக்கத்துல மகன் நிக்கிறான், எதிர்ல ஆம்பிளை டாக்டர். பெரியம்மாவும் சொல்லலை.

நாலாம் நாள் தன்னையறியாம மூத்திரம் கசிய ஆரம்பிச்சது. சேலையை மாத்திட்டு ஒளிச்சு வெச்சிருந்ததை எங்க அம்மா பார்த்துக் கேட்டப்பதான் விஷயமே வெளியே வந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷன் பண்ணினாங்க. கால் பிழைச்சது, இன்னைக்கும் நடக்கிறாங்க. ஆனா மூத்திரம் போற உணர்வு திரும்பி வரலை. இத்தனை வருஷமா ஒரு நாளைக்கு நாலு தடவை, தானே குழாய் விட்டுத்தான் எடுக்கிறாங்க. கல்யாணம் காட்சின்னா வர்றதில்லை. குழுக் கூட்டத்துக்கு மட்டும் தவறாம வந்தாங்க, ஏன்னா கூட்டம் எங்க வீட்டுத் திண்ணையில நடந்தது.

என்ன ஆச்சுன்னா, பெரிய அளவுல ஜவ்வு பிதுங்கி, முதுகெலும்போட அடிப்பகுதியில குதிரை வால் மாதிரி கொத்தா இறங்குற நரம்புகள் மொத்தத்தையும் நசுக்கிடுச்சு. மூத்திரம், மலம், தாம்பத்தியம் எல்லாத்துக்கும் போற நரம்பு அதுதான். இது அபூர்வமா வர்றது. ஜவ்வு பிதுங்கின நூத்துக்கணக்கான பேர்ல ஒருத்தருக்கு ரெண்டு பேருக்கு வந்தாலே அதிகம். ஆனா வந்துட்டா நாள் கணக்கு பார்க்கக் கூடாது, மணிக் கணக்கு. அன்னைக்கே பெரியாஸ்பத்திரியில இருக்கணும். ஒரு நாள், ரெண்டு நாளுக்குள்ள அழுத்தத்தை எடுத்தாத்தான் நரம்பு பிழைக்க வாய்ப்பு அதிகம்.

அடையாளம் இவைதான். பிறப்புறுப்பு, மலவாய், உள்தொடை மரத்துப்போறது. மூத்திரம் வராம நிக்கிறது, இல்லைன்னா தெரியாமலே கசியறது. மலம் கட்டுப்பாடு இல்லாம போறது. ரெண்டு கால்லயும் வலி, பலம் குறையறது. இதுல ஒண்ணு வந்தாலும் ஊசி, மாத்திரை, தைலம், எண்ணெய் தேய்க்கிறது எதுக்கும் காத்திருக்காதீங்க. 108ஐக் கூப்பிடுங்க.

வெட்கம் ஒண்ணுதான் எங்க பெரியம்மாவைக் கெடுத்தது. அந்த வார்த்தையை அவங்க வாழ்க்கையில வெளியாள்கிட்ட சொல்லிப் பழகினதே இல்லை. அதனால இப்ப ஒண்ணு பண்ணுவோம். கூட்டம் ஆரம்பிக்கும்போது உறுதிமொழி சொல்றீங்க இல்லையா, அதே மாதிரி என்கூட எல்லாரும் சத்தமா சொல்லுங்க. "எனக்கு அடியில மரத்துப்போச்சு. மூத்திரம் வரலை. இன்னைக்கே பார்க்கணும்." சிரிக்காம சொல்லுங்க! இன்னொரு தடவை. பின்வரிசையில சத்தமே வரலையே. ம், இப்ப சரி. டாக்டர் ஆம்பிளையா இருந்தா என்ன, பக்கத்துல மகன் இருந்தா என்ன, இந்த மூணு வாக்கியம் போதும். மகன் முன்னாடி முடியலைன்னா நர்சம்மாவைத் தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க.

இன்னும் சில சமயத்துல இடுப்பு வலியைச் சாதாரணமா விடக் கூடாது. சாயந்திரக் காய்ச்சல், எடை குறையறது, ராத்திரி தூங்க விடாத வலி இதெல்லாம் சேர்ந்து இருந்தா காட்டுங்க, காசநோய் முதுகெலும்பையும் பிடிக்கும். வயசான அம்மா வழுக்கி விழுந்த பிறகு வலின்னா எலும்பு நசுங்கியிருக்கலாம்.

சரி, வராம இருக்க என்ன பண்றது? "குனியாதீங்க, தூக்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் போறது எனக்குச் சுலபம். வீட்டுக்குப் போனதும் மாட்டுத் தொழுவம் யார் கூட்டுவாங்க? இப்படித் தூக்கு, அப்படித் தூக்குன்னு வகுப்பு எடுக்கிறதால மட்டும் முதுகு வலி குறையலைன்னும் ஆராய்ச்சிகள் சொல்லுது. ஜவ்வோட பலம் பாதி பரம்பரையிலயும் இருக்கு. அதனால வந்தவங்களைப் பார்த்து "நீ சரியா தூக்கலை"ன்னு குத்தம் சொல்லாதீங்க. வேலை செய்யற விதத்தை மாத்தினா மட்டும் போதாது, வேலையையே கொஞ்சம் மாத்தணும்.

முதல்ல விடியக்காலை. ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வு தண்ணியை உறிஞ்சி ஊறவெச்ச பயறு மாதிரி உப்பியிருக்கும். காலையில நாம ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக்கூட இருப்போம்! உப்பியிருக்கிற நேரத்துல குனிஞ்சா வளையத்து மேல இழுப்பு ரொம்ப அதிகம். நம்ம வழக்கம் என்ன? எழுந்ததும் முதல் வேலையே வாசல் கூட்டி, சாணி தெளிச்சு, இடுப்பை மடிச்சுக் கோலம் போடறது. அப்புறம் தொழுவம், தண்ணிக் குடம். ஜவ்வுக்கு எந்த நேரம் ஆகாதோ அந்த நேரத்துல அத்தனை குனிவும்! காலையில முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம் குனியறதைக் குறைச்சவங்களுக்கு முதுகு வலி குறைஞ்சதுன்னு 1998-லயே அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. கோலத்தை விடச் சொல்லலை. முதல்ல நின்னு செய்யற வேலையைப் பாருங்க. அடுப்பு, பால், பிள்ளைகளைக் கிளப்பறது. கோலத்தைக் குத்துக்கால் வெச்சு உட்கார்ந்து போடுங்க. வாசல் கூட்டறதுக்கு நீளக் கம்பு கட்டின துடைப்பம் வெச்சுக்குங்க. மூங்கில் குச்சியில கட்டிக்க ஒண்ணும் செலவில்லை. நீளக் கம்பு வந்ததுல இன்னொரு லாபம், எங்க வீட்ல அப்பாவும் வாசல் கூட்ட ஆரம்பிச்சார்!

ரெண்டாவது, சுமை. ஜெர்மனியில 1999-ல ஒருத்தர் ஜவ்வுக்குள்ளேயே சின்னக் கருவியை வெச்சு அழுத்தத்தை அளந்தாங்க. ஒரே ஆள்தான், ஆனாலும் கணக்கு தெளிவா இருக்கு. சும்மா நிக்கும்போது ஒரு பங்குன்னு வெச்சுக்குங்க. 20 கிலோவை முதுகை வளைச்சுத் தூக்கினா நாலரைப் பங்கு. முழங்காலை மடக்கித் தூக்கினா மூன்றரைப் பங்குக்குக் கொஞ்சம் கம்மி. அதே 20 கிலோவை உடம்போட ஒட்டி அணைச்சுப் பிடிச்சிருந்தா ரெண்டு பங்கு சொச்சம். முழங்கால் மடக்கறது முக்கியம்தான், அதை விட முக்கியம் உடம்போட அணைச்சுக்கறது. பிள்ளையைத் தூக்கற மாதிரி குடத்தைத் தூக்குங்க. சுமையோட இடுப்பைத் திருக்காதீங்க. திரும்பணும்னா காலை எடுத்து வெச்சுத் திரும்புங்க. 15 லிட்டர் குடம் நிறைஞ்சா 15 கிலோ. அதைத் தரையில இருந்து தூக்கறதுதான் தப்பு நடக்கிற இடம். குழாயடியில முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டு மேடை இருந்தா பாதிக் கஷ்டம் போச்சு. குடத்தை மேடையில வெச்சுப் பிடிச்சு, அப்படியே இடுப்புக்கு நகர்த்திக்கலாம். இதுக்குப் பெரிய செலவு ஆகாது. வருஷத்துக்கு 6 கிராம சபை நடக்குது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 தெரியும். 2022-ல இருந்து மார்ச் 22, நவம்பர் 1ம் சேர்த்திருக்காங்க. அதுல மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம்! அன்னைக்கு மேடை கேட்டு மனு கொடுங்க. பத்துப் பேர் கையெழுத்தோட ஒரு குழு கேட்டா தலைவர் தட்ட முடியாது.

வயல் வேலைக்கு நீளக் கைப்பிடி வெச்ச களைக்கொத்தி, வரிசை நடவு இருக்கிற நெல்வயல்ல நின்னுக்கிட்டே தள்ற கோனோவீடர், இதெல்லாம் ஒவ்வொருத்தரும் வாங்க முடியாது. குழுவுக்கு ஒண்ணு வாங்கிப் பொதுவுல வெச்சுக்கலாமே, யோசிங்க. நடவுல குனிஞ்சுதான் ஆகணும். ஒரு பத்தி முடிஞ்சதும் நிமிர்ந்து, ஆரம்பத்துல செஞ்சீங்களே, அந்த மாதிரி கையை இடுப்புல வெச்சுப் பின்னாடி சாயறது அஞ்சு தடவை.

மூணாவது, நடை. ஆஸ்திரேலியாவுல 701 பேரை வெச்சு நடத்தின ஆராய்ச்சி 2024-ல வந்தது. முதுகு வலி வந்து குணமானவங்க அவங்க. நடைப்பயிற்சி செய்யாதவங்களுக்கு 112 நாள்ல வலி திரும்பி வந்தது, படிப்படியா ஏத்தி வாரத்துல அஞ்சு நாள், அரை மணி நேரம் வரைக்கும் நடந்தவங்களுக்கு 208 நாள் கழிச்சு. இது சராசரிக் கணக்கு. "நாங்க நடக்காத நடையா?"ன்னு கேட்கறீங்க, தெரியுது. தலையில புல்லுக்கட்டோட நடக்கிறது என் கணக்குல சேராது. கையை வீசி, வெறுங்கையோட நடக்கணும். நாலு பேரா சேர்ந்து போங்க, ஊர்க்கதையும் பேசின மாதிரி ஆச்சு. பீடி சிகரெட்டும் ஜவ்வைக் கெடுக்கும். வீட்டு ஆம்பிளைங்களுக்குச் சொல்லுங்க, அவங்க முதுகும் முதுகுதான்.

இப்ப உங்க கேள்விகள். சீட்டுல எழுதிக் கொடுத்ததுல மூணு எடுத்திருக்கேன்.

"பிரசவ ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க. அதுல இருந்துதான் எனக்கு இடுப்பு வலி. ஊசியாலதானே?" இந்தக் கேள்வி வராத ஊரே இல்லை. ஊசி போட்ட இடத்துல சில நாள் வலிக்கும், உண்மை. வருஷக்கணக்கா இருக்கிற வலிக்கு அந்த ஊசி காரணம் இல்லைன்னு ஆராய்ச்சிகள்ல தெரிஞ்சிருக்கு. ஊசி போடாம சுகப்பிரசவம் ஆனவங்களுக்கும் அதே அளவு வலி இருக்கு. பத்து மாசம் சுமந்து, வயித்துத் தசை தளர்ந்து, ஓய்வில்லாம குழந்தையைத் தூக்கிக் குனிஞ்சு நிமிர்றதுதான் காரணம். வீட்டுக்கு வந்த மருமகளுக்கு மூணு மாசமாவது குடம் தூக்க விடாதீங்க, மாமியார்மார்களே!

"பெல்ட் போட்டுக்கலாமா?" வலி அதிகமா இருக்கிற சில நாள் போட்டுக்கிட்டா ஆறுதலா இருக்கும். வராம தடுக்கும்னு நினைச்சு தினமும் கட்டிக்கிட்டு வேலை செய்யறதுல பலன் இல்லை.

"நடக்கவே முடியாதவங்களுக்கு என்ன பண்றது?" 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தர்றதும் சேர்ந்ததுதான். உங்க பகுதி சுகாதார நிலையத்துல பேரைப் பதிவு பண்ணுங்க.

கடன் மனு கொடுத்திருக்கிற சகோதரியை நான் மதியம் பார்க்கிறேன். அது வரைக்கும் அந்த மனுவைத் தள்ளுபடி பண்ணாதீங்க, நிறுத்தி வைங்க. அப்புறம் தலைவி அக்காகிட்ட ஒரு வேண்டுகோள். ஜவ்வு வலியில படுத்த உறுப்பினருக்கு ரெண்டு மாசத் தவணையைத் தள்ளிப்போட முடியுமான்னு அடுத்த கூட்டத்துல பேசுங்க. தவணைக்கு பயந்துதான் பல பேர் மூணாம் நாளே வேலைக்குப் போறாங்க.

சாப்பாடு ஆனதும் பின்பக்கத் தாழ்வாரத்துல இருப்பேன். ரெண்டு குடம் நிரப்பி வைக்கச் சொல்லியிருக்கேன், எப்படித் தூக்கறதுன்னு ஆளுக்கு ஒரு தடவை தூக்கிப் பார்க்கலாம். தனியா பேச வேண்டியவங்க கடைசியில வாங்க. கதவைச் சாத்திக்கிட்டுப் பேசலாம்.